இடது தோள்

தண்ணீரூற்று,
21 ஏப்ரல் 2024

அன்புள்ள மீனம்மாவுக்கு,

நீயும் சுமித்திராவும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். நான் ஒருவழியாக வந்து சேர்ந்துவிட்டேன். ஓமந்தை தாண்டியதும் தோள் வலியில் சீட்டில் சாய முடியவில்லை. எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு முல்லைத்தீவு வரைக்கும் நின்றபடியே வந்தேன். நிற்கிற என்னைப் பார்த்துப் பாவப்பட்டு ஒரு கிழவர் தன் இடத்தைத் தரப் பார்த்தார். எனக்கு ஐம்பத்திரண்டு வயதுதான் ஐயா என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

சுப்பம்மா பஸ் நிற்கிற இடத்துக்கே வந்திருந்தாள். எண்பத்து மூன்று கலவரத்தில் மாமாவோடு மலையை விட்டு இந்தப் பக்கம் வந்த என் ஒன்பது வயதுத் தங்கச்சி இப்போது முழுசாக இந்த ஊர்க்காரி. "என்ன அண்ணை, கழுத்து திரும்பாதோ? ஆளே முழுசாத் திரும்புறியள்?" என்று சிரித்தாள். பிறகு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

மறுநாளே முறிவு வைத்தியர் வீரகத்தியரிடம் கூட்டிப்போனாள். மனிதர் என் இடது கையைத் தூக்கிப் பார்த்தார். அது காதுக்கு மேலே போகவில்லை.

"என்ன வேலை தம்பி?"

"கோல்ஃப் கிளப்பில் துரைமாருக்குப் பேக் தூக்குகிறேன் ஐயா. நானும் ஆடுவேன்."

"எத்தினை வருசம்?"

"முப்பத்தேழு."

"ஒரே தோளிலயோ?"

ஓம் என்றேன். இந்த ஊர் ஓம் எனக்கும் தொற்றிவிட்டது. வலது கையால் ஸ்டிக்கை எடுத்துக் கொடுக்க வேண்டும், அதனால் பேக் எப்போதும் இடது தோளில்தான் என்று விளக்கினேன். "காவடி எடுக்கிறவன்கூடத் தோள் மாத்துவான்" என்றார். நாற்பத்தெட்டு நாள் எண்ணெயும் மூலிகைப் பத்தும் போட வேண்டுமாம். புளியும் கத்தரிக்காயும் கூடாது.

ஓகஸ்ட் 18 மறந்துவிடாதே. பயிற்சித் திடலில் புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒருவரை நிரந்தரமாக எடுக்கிறார்கள். பேக் தூக்குகிறவர்களையே ஒன்பது குழி ஆடவிட்டு, நன்றாக ஆடுகிறவருக்கு அந்த வேலை. எங்களை ஆடவிடுகிற திங்கட்கிழமை ஆட்டத்தில் மூன்று தடவை ஜெயித்தவன் நான். பேக் தூக்காமல் பிழைக்க எனக்கு மிச்சமிருக்கிற ஒரே வழி இதுதான் மீனா. அதற்குள் கை தூக்க வேண்டும்.

கிளப் கொக்கியில் இரண்டு மாதம் சும்மா தொங்கினால், சட்டையில் குத்துகிற என் 31ஆம் இலக்கத் தகடு வேறு ஆளுக்குப் போய்விடும். தங்கச்சிக்குச் சுகமில்லை, அதனால் போயிருக்கிறார் என்றே எங்களுக்கு ஆட்டம் பிரித்துக் கொடுக்கிற மாஸ்டரிடம் சொல். தோள் கதை வெளியே வரக் கூடாது. நீ சொன்னது சரி, போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன். எழுதிக்கொள்வோம்.

அன்புடன்,
சிவராசா


மேற்பிரிவு லயம்,
3 மே

சுமித்திரா அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நானும் பிள்ளையும் நல்லபடி இருக்கிறோம். சுப்பம்மாவுக்கும் அவ வீட்டுக்காரருக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

மாஸ்டரிடம் நீங்கள் சொன்னபடியே சொன்னேன். தகட்டைப் பற்றிக் கவலை வேண்டாம், அது எங்கேயும் போகாது. எப்படி என்று கேட்காதீர்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் எண்ணெயையும் பத்தியத்தையும் ஒழுங்காகப் பாருங்கள். கத்தரிக்காயைக் கண்டால் உங்கள் கை சும்மா இருக்காதே.

சுமித்திராவுக்குப் பள்ளிக்கூடத்தில் அப்பாவின் தொழிலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். குழியைச் சுற்றி இருக்கிற கிரீனில் பந்து எந்தப் பக்கம் உருளும் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறது? எங்கே நிற்க வேண்டும், எப்போது பேசலாம்? கொஞ்சம் விளக்கமாக எழுதினால் நல்லது. சீக்கிரம் வேண்டுமாம்.

இங்கே ஒரே மழை. வேறு விசேஷம் இல்லை.

உங்கள் மீனம்மா


தண்ணீரூற்று,
12 மே

அன்புள்ள மீனாவுக்கு,

உங்கள் இருவரின் சுகத்துக்கும் வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். நான் பரவாயில்லை. கை ஒரு விரல்கடை கூடுதலாக ஏறுகிறது.

கட்டுரைக்கு எழுதச் சொல். துரை கேட்கும்வரை வாய் திறக்கக் கூடாது. உன் நிழல் பந்துக்கும் குழிக்கும் நடுவில் விழக் கூடாது. கிரீனில் குந்தியிருந்து, ஒரு வாளித் தண்ணீரை மனதுக்குள் ஊற்றிப் பார். அந்தத் தண்ணீர் எங்கே ஓடுமோ அங்கேதான் பந்தும் ஓடும். ஐந்தாம் குழியில் மட்டும் கண்ணை நம்பாதே. மேடு மாதிரித் தெரியும், ஆனால் வாய்க்கால் பக்கம் இறங்கும். எத்தனை துரைமார் அங்கே என்னை நம்பாமல் தோற்றார்கள்! இதை எழுதும்போதே எனக்கு உயிர் வந்தது போல இருக்கிறது.

வைத்தியருக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்கிறேன், நீ திட்டக் கூடாது. சுப்பம்மாவின் வயல் அறுத்து முடிந்து வெறுமையாகக் கிடக்கிறது. பாலைக் கம்பு ஒன்றைச் சீவி எடுத்திருக்கிறேன். விடிந்ததும் போய் விளாங்காயை வைத்து அடிக்கிறேன். நேற்று ஒன்று வரம்பைத் தாண்டிப் போனது. அதை எடுக்கப் போன மாட்டுக்காரர் ஒருவர் என்னையும் காயையும் மாறிமாறிப் பார்த்தார்.

பகலில் இங்கே வெயில் கொல்லுகிறது. எண்ணெயோடு பாயில் கிடக்கும்போது எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போல இருக்கிறது. காலையில் எழுந்திருக்கவே அரைமணி நேரம் எடுக்கிறது. முதலில் உருண்டு, பிறகு முழங்கால், பிறகு சுவர். உடம்பு என்னுடையதுதானா என்று சந்தேகமாக இருக்கிறது.

அன்புடன்,
சிவராசா


மேற்பிரிவு லயம்,
24 மே

சுமித்திரா அப்பாவுக்கு,

கடவுள் புண்ணியத்தில் நாங்கள் சுகம். கை ஏறுகிறது என்று படித்துச் சந்தோஷப்பட்டேன்.

வாளித் தண்ணீர் கதை நன்றாக உதவியது. பிள்ளைக்குத்தான். ஐந்தாம் குழியும் நீங்கள் சொன்ன மாதிரியே என்று, அதாவது அப்படியே எழுதியிருக்கிறாள். ஏழாம் குழி ஏற்றத்தில் மூச்சு வாங்காமல் எப்படி ஏறுகிறது என்றும் கேட்கச் சொன்னாள்.

லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டுச் சின்னப்பொண்ணுக்குத் தேயிலைக் கொழுந்து எடுத்துத் தோள் வலி. வைத்தியர் தருகிற எண்ணெயில் கொஞ்சம் யாரிடமாவது அனுப்ப முடியுமா? அவசரம் இல்லை. முடிந்தால் சீக்கிரம்.

உங்கள் மீனம்மா


தண்ணீரூற்று,
2 ஜூன்

அன்புள்ள மீனாவுக்கு,

வற்றாப்பளை அம்மன் உங்களைக் காப்பாற்றட்டும். வைகாசிப் பொங்கலுக்கு இந்த வழியாகச் சனம் அலை அலையாகப் போனது. சுப்பம்மா என்னையும் இழுத்துப்போனாள். எல்லாரும் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பிக் கும்பிட்டார்கள். நான் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் அப்படி அழுததில்லை. யாரும் கவனிக்கவில்லை, அங்கே எல்லாரும்தான் அழுதார்கள்.

வைத்தியர் இன்னும் ஒரு மண்டலம் இருக்கச் சொல்கிறார். அதனால் ஜூலை ஆகும். 18ஆம் திகதிக்கு நிச்சயம் சரியாகிவிடும்.

ஏழாம் குழிக்கு நேரே ஏறக் கூடாது, வேலியை ஒட்டிச் சாய்ந்து ஏற வேண்டும். எண்ணெய் ஒரு போத்தல் தபாலில் அனுப்புகிறேன். சின்னப்பொண்ணுக்கு வலி சரியாக எந்த இடத்தில்? எங்கே தேய்க்க வேண்டும் என்று வைத்தியர் சொல்வார். இடத்தைக் கேட்டு விளக்கமாக எழுது.

இரண்டு மாதம் நெருங்குகிறதே, தகடு என்ன ஆயிற்று? நீ அதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

அன்புடன்,
சிவராசா


மேற்பிரிவு லயம்,
13 ஜூன்

சுமித்திரா அப்பாவுக்கு,

போத்தல் உடையாமல் வந்தது, வைத்தியருக்குக் கோடிப் புண்ணியம். நாங்கள் சுகமாக இருக்கிறோம்.

சின்னப்பொண்ணுக்கு இடது காறை எலும்பின் மேலே இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் கறுத்து எரிகிறதாம். அந்தக் கையில் சின்ன விரல் விடியும்போது மரத்துக் கிடக்கிறதாம். வலது இடுப்பும் பிடித்துக்கொள்கிறதாம். சாயங்காலம் தலை வாரக் கையைத் தூக்க முடியாமல் பிள்ளையை விட்டு வாரிக்கொள்கிறாள்.

தகடு பத்திரம். நம்புங்கள்.

உங்கள் மீனம்மா


தண்ணீரூற்று,
21 ஜூன்

மீனம்மாவுக்கு,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

உன் கடிதத்தை வைத்தியரிடம் கொண்டுபோகவில்லை. அவரிடம் கேட்க என்ன இருக்கிறது? கொழுந்துக் கூடைக் கயிறு உச்சந்தலையில் மாட்டித் தொங்கும். அந்த வலி உச்சியிலும் பிடரியிலும் வரும். உன் அம்மாவுக்கு அதுதான் இருந்தது, உனக்கும் அதுதான் இருந்தது. இடது காறை எலும்பில் இரண்டு விரல் அகலம் என்பது பேக்கின் வார். இடது சின்ன விரல், வலது இடுப்பு, இது என் உடம்பு மீனா! முப்பத்தேழு வருடமாக எனக்கு மனப்பாடமான வலியை நீ சின்னப்பொண்ணு பெயரில் எனக்கே எழுதி அனுப்புகிறாய்.

கட்டுரையும் இல்லை ஒன்றும் இல்லை. என் தகட்டைக் குத்திக்கொண்டு நீ அந்த மலையை ஏறி இறங்குகிறாய். எப்படி மனம் வந்தது? மற்றவர்கள் என்ன பேசுவார்கள் என்று யோசித்தாயா? சிவராசா பெண்டாட்டியைச் சுமக்கவிட்டுவிட்டு ஊருக்குப் போய்ப் படுத்திருக்கிறான் என்று சிரிக்க மாட்டார்களா?

நாளையோடு நிறுத்து. பிள்ளை மேல் ஆணை. ஓகஸ்டில் நான் வந்து ஆடி அந்த வேலையை எடுப்பேன். அதுவரை பட்டினி கிடந்தாலும் சரி, அந்தப் பேக்கைத் தொடாதே.

சிவராசா


தண்ணீரூற்று,
14 ஜூலை

அன்பான மச்சாளுக்கு,

அண்ணி என்றுதான் எழுத வேண்டும். இந்த ஊர்ப் பழக்கத்தில் மச்சாள் என்று வந்துவிட்டது, குறை நினைக்க வேண்டாம். நீங்களும் மருமகளும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே நாங்கள் சுகம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

அண்ணை உங்களுக்கு மறைத்ததை நான் சொல்லிவிடுகிறேன். வைத்தியர் மூன்றாம் கிழமையே சொல்லிவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். "தம்பி, முறிஞ்சதெண்டால் நான் பொருத்துவன். இது தேஞ்சு போச்சு. எண்ணெய் நோவைக் குறைக்கும், மூட்டைப் புதுசாக்காது. இனி உந்தத் தடி வீசுற வேலை வேண்டாம், பாரமும் தூக்கக் கூடாது" என்றார். அண்ணை கழற்றி வைத்த சேட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். வரும் வழியில், "மீனாவுக்கு எழுதிப்போடாத" என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். அந்தச் சத்தியத்தைத்தான் இப்போது உடைக்கிறேன்.

விளாங்காய் வரம்பைத் தாண்டியது என்று உங்களுக்கு எழுதினாராம். தாண்டியது கம்பு. ஓங்கியபோது கையை விட்டுப் பறந்துவிட்டது, அண்ணை வரம்பில் விழுந்தார். எழும்ப முடியாமல் வெயிலில் கிடந்தவரை மாட்டுக்காரர்தான் கண்டு என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

உங்களுக்குக் கோபமாக எழுதிய நாளிலிருந்து ஆள் சரியில்லை. நீங்களும் பதில் போடவில்லை. சாப்பாட்டைத் தொட்டுவிட்டு வைக்கிறார். "வயலுக்குக் காவல் இருக்கிறன், என்னை இங்கயே வைச்சிரு சுப்பம்மா. எந்த முகத்தோட போறது?" என்கிறார். தூக்க முடியாத ஆள் வீட்டுக்குப் பாரம் என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது மச்சாள். கிணற்றடிக்கு அவரைத் தனியே விடுவதில்லை. என் வீட்டுக்காரர் வயல் வேலையை விட்டுவிட்டு அண்ணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்.

உங்கள் ஒரு எழுத்து வந்தால் போதும்.

அன்புடன்,
சுப்பம்மா


மேற்பிரிவு லயம்,
22 ஜூலை

சுமித்திரா அப்பாவுக்கு,

நீங்கள் சாப்பிட வேண்டும். மற்றதெல்லாம் பிறகு. இந்தக் கடிதத்தைச் சாப்பிட்ட பிறகுதான் படிக்க வேண்டும், அதற்கு முன் பிரிக்க விட வேண்டாம் என்று சுப்பம்மாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

ஒரு மாதம் நான் எழுதாதது கோபத்தில்தான். பிள்ளை மேல் ஆணை வைத்தீர்கள். அந்தப் பிள்ளையின் சோற்றை யார் போடுகிறார்கள் என்று எழுதினால் உங்களுக்குச் சுடும், எழுதாவிட்டால் எனக்குச் சுடும். அதனால் பேசாமல் இருந்தேன். உங்கள் ஆணையை மீறினேன். இன்றைக்கும் தூக்கிவிட்டுத்தான் வந்து எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். உங்கள் செய்தியைச் சொல்லப் போன அன்று இரண்டு வெளிநாட்டு அம்மாமார் வந்திருந்தார்கள். ஆள் பற்றாக்குறை. ஒரு அம்மா என்னைக் காட்டி, இவர் வரட்டும் என்றார். மாஸ்டர் சிரித்துக்கொண்டு கொக்கியில் தொங்கிய 31ஐ எடுத்துக் கொடுத்தார். ஒரு நாளைக்கு என்றுதான் வாங்கினேன். இரண்டு மாதம் அது சும்மா தொங்கக் கூடாது என்பதுதான் என் எண்ணம். உங்களுக்காகத்தான் தூக்கினேன். அது பொய் இல்லை. ஆனால் இப்போது எனக்கு அந்த வேலை பிடித்திருக்கிறது, அதுவும் பொய் இல்லை. ஐந்தாம் குழியில் நான் சொன்னதை நம்பி ஒரு அம்மா பந்தைத் தட்டினார், நேரே குழியில் விழுந்தது. எனக்கு உங்களைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்ல முடியாமல் வீட்டுக்கு வந்து பானை விளக்கினேன்.

போன கிழமை கிளப் செயலாளர் பார்த்துவிட்டார். 31 யார் என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன், உங்கள் தோளைப் பற்றியும் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். பெண் தூக்கக் கூடாது என்று சட்டம் இல்லையாம். ஆனால் இலக்கம் உங்களுடையது. நீங்களே கைப்பட எழுதி விட்டுக்கொடுத்தால் என் பெயரில் பதிவார். ஓகஸ்ட் பத்துக்குள் கடிதம் வராவிட்டால் வரிசையில் நிற்கிற அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

18ஆம் திகதிப் பட்டியலில் உங்கள் பெயர் இன்னும் இருக்கிறது. நீங்கள் வந்து ஆடுவதென்றால் வாருங்கள், நான் தகட்டைத் துடைத்து உங்கள் கையில் தருகிறேன். ஆட முடியாதென்றால் கடிதத்தைத் தாருங்கள். இரண்டும் இல்லாமல் அங்கேயே கிடக்காதீர்கள், அதுதான் எனக்குத் தாங்காது. தூக்க முடியாத ஆள் பாரம் என்றீர்களாம். நான் உங்களைத் தூக்கச் சொல்லியா கட்டிக்கொண்டேன்?

என் தோள் பரவாயில்லை. எண்ணெய் போட்டதும் சரியாகிவிட்டது. நாங்கள் சுகம்.

உங்கள் மீனம்மா


தண்ணீரூற்று,
1 ஓகஸ்ட்

மீனா,

சாப்பிட்டுவிட்டுத்தான் படித்தேன். சுப்பம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நீ கேட்ட கடிதம் உள்ளே இருக்கிறது. நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். முதல் மூன்றிலும் உன்னைத் திட்டியிருந்தேன், நான்காவதில் என்னை. இது ஐந்தாவது. உறையை ஒட்டவில்லை, படித்துவிட்டுக் கொடு.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறுகிறேன். சுமித்திராவிடம் சொல்.

சிவராசா


தண்ணீரூற்று,
1 ஓகஸ்ட் 2024

கனம் செயலாளர் அவர்களுக்கு,

ஐயா,

31ஆம் இலக்கத்தைக் கைவிடுதல் பற்றியது.

தங்கள் கிளப்பில் முப்பத்தேழு வருடம் பேக் தூக்கிய சிவராசா பணிவுடன் எழுதிக்கொள்வது. இத்தனை வருடத்தில் என்மேல் வந்த முறைப்பாடு ஒன்றே ஒன்று. ஒரு துரை ஆறு அடி அடித்துவிட்டு நாலு என்றபோது, என் வாய் தவறி ஆறு என்று வந்துவிட்டது. மற்றபடி நான் குறை வைத்ததில்லை என்று நம்புகிறேன்.

என் இடது தோள் இனிச் சரிவராது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். தங்கச்சிக்குச் சுகமில்லை என்று சொன்னது பொய். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஓகஸ்ட் 18ஆம் திகதி ஆட்டத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடவும். இந்த வரியை எழுத எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது ஐயா.

31ஆம் இலக்கத்தை என் மனைவி மீனம்மாவின் பெயரில் பதியும்படி, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் கேட்டுக்கொள்கிறேன். கிரீனின் சாய்வு அவருக்குத் தெரியும். நிழல் விழாமல் நிற்கத் தெரியும். துரைமார் கேட்கும்வரை பேச மாட்டார். அவர் உயரத்துக்குப் பேக்கின் வாரை நாலு விரல் குறைத்துக் கொடுக்க வேண்டும். பேக் இடது தோளில்தான் இருக்க வேண்டும் என்பது கிளப்பின் வழக்கம். ஏழாம் குழி ஏற்றத்திலாவது தோள் மாற்றிக்கொள்ள அவருக்கு அனுமதி கொடுக்க வேண்டும். எனக்கு அப்படிக் கேட்கத் தோன்றவில்லை.

ஒரே ஒரு குறை உண்டு, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். தனக்கு வலிக்கிறது என்று அவருக்குச் சொல்லத் தெரியாது. ஆகையால் அவ்வப்போது மாஸ்டர் அவரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். வீட்டில் நான் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பணிவுள்ள,
சிவராசா
(முன்னாள் 31)